திருநெல்வேலியிலிருந்து ஆறாயிரம் மீட்டருக்கு: யூனம் சிகரம் ஏறத் திட்டமிடுவது எப்படி?

கயிறு கட்டித் தொங்காமல், செங்குத்துப் பாறையில் கைப்பிடி தேடாமல், நடந்தே உச்சியைத் தொடக்கூடிய ஆறாயிரம் மீட்டர் சிகரங்கள் இமயமலையில் சில இருக்கின்றன. ஹிமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பகுதியில், மணாலி–லே நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் யூனம் அவற்றில் ஒன்று. உயரம் 6,111 மீட்டர். நம் ஊரில் இருந்துகொண்டு அதற்கு எப்படித் தயாராவது என்பதை அடியிலிருந்து சொல்கிறேன்.

ஆசை வந்ததும் எல்லோரும் முதலில் ஷூ வாங்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் காலண்டரை எடுங்கள். எத்தனை நாள் லீவு கிடைக்கும் என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாமே. அதன் காரணம் நம் நில அமைப்பில் இருக்கிறது. திருநெல்வேலி கடல்மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டர்கூட உயரமில்லை. நமக்குத் தெரிந்த பெரிய மலையான பொதிகையில் அகத்தியர் மலை 1,868 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695. உயரத்தால் வரும் உடல்கோளாறு பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். அதாவது காலுக்கும் நெஞ்சுக்கும் இங்கே பயிற்சி கொடுக்கலாம். உயரத்துக்கு உடம்பைப் பழக்க இங்கே இடமே கிடையாது. அந்தப் பழக்கம் அங்கே போய், நாட்களைச் செலவழித்துத்தான் கிடைக்கும்.

உயரம் உடம்பை என்ன செய்கிறது

மேலே போனால் காற்றில் ஆக்சிஜன் இல்லை என்று சொல்வார்கள். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். 5,500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் பாதியாகிறது. உடம்பு இதைச் சமாளிக்க முதலில் வேகமாக மூச்சு வாங்கும், அப்புறம் சிறுநீரகம் ரத்தத்தின் கார அமிலச் சமநிலையைச் சரிசெய்யும். அங்கே அடிக்கடி சிறுநீர் போவது அதனால்தான், பயப்பட வேண்டாம். தூக்கத்தில் சில நொடி மூச்சு நின்று, பிறகு திணறி விழிப்பதும் அந்த உயரத்தில் சாதாரணம்.

இந்த மாற்றங்களுக்கு நாட்கள் பிடிக்கும். மாரத்தான் ஓடுகிறவருக்கும் இதில் சலுகை கிடையாது. சொல்லப்போனால், உடல் வலுவான இளைஞர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களே அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். "அண்ணாச்சி, தினம் பத்து கிலோமீட்டர் ஓடுதேன், போதாதா?" என்று கேட்கும் தம்பிகளுக்கு என் பதில் எப்போதும் இதுதான்: ஓடுங்க, நல்லது; ஆனா அந்தப் பத்து கிலோமீட்டர் ஒரு நாள் லீவைக்கூட மிச்சப்படுத்தாது.

உலகம் முழுக்க மருத்துவர்கள் சொல்லும் கணக்கு எளிமையானது. 3,000 மீட்டருக்கு மேல் போனதும், இன்று தூங்கும் இடம் நேற்றுத் தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரமாக இருக்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். பகலில் அதற்கு மேலே ஏறி இறங்கலாம், அது நல்லதும்கூட. கணக்கு, தூங்கும் இடத்துக்குத்தான்.

எந்தச் சிகரம்?

லடாக்கின் ஸ்டாக் காங்ரி (6,153 மீட்டர்) நீண்ட காலம் எல்லோருக்கும் முதல் தேர்வாக இருந்தது. கூட்டத்தால் பனியாறும் கிராமத்துத் தண்ணீரும் பாதிக்கப்பட, 2020-இல் அது மூடப்பட்டது. மார்க்கா பள்ளத்தாக்கில் உள்ள காங் யாட்சே இரண்டு (6,250 மீட்டர்) அருமையான மலை. ஆனால் மேலே நீண்ட பனிச்சரிவு உண்டு, ஷூவுக்கு அடியில் கிராம்பான் என்ற இரும்பு முள்சட்டம் மாட்டி நடக்கத் தெரிய வேண்டும். ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோவும் (5,895 மீட்டர்) நடந்தே ஏறுவதுதான், செலவு வேறு கணக்கு.

யூனத்தை நான் சொல்வதற்குக் காரணம், ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான பருவத்தில் அதன் பாதை பெரும்பாலும் சரளைக் கல்லும் பாறைத் துண்டுகளும்தான். மழைமறைவுப் பகுதி என்பதால், குற்றாலத்தில் சாரல் அடிக்கும் அதே மாதங்களில் அங்கே ஏறலாம். பருவத்தின் தொடக்கத்தில் மேற்பகுதியில் பனி கிடக்கும். அப்போது கிராம்பான் வேண்டியிருக்கும்.

இமயமலைக்கே போயிராதவர் நேராக யூனத்துக்குப் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முந்தைய ஆண்டு மணாலிப் பக்கத்து ஹம்ப்டா கணவாய் (சுமார் 4,270 மீட்டர்) மாதிரி ஒரு நடையை முடித்துவிடுங்கள். டென்டில் தூங்குவது, குளிரில் விடியற்காலை எழுவது, உங்கள் உடம்பு நாலாயிரத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

நாட்களைப் பிரிப்பது

யூனத்தின் வசதியே அதன் ஆபத்து. அடிவாரமான பரத்பூர் சுமார் 4,650 மீட்டரில், சாலையோரத்திலேயே இருக்கிறது. மணாலியில் (2,050) காலையில் வண்டி ஏறினால் அன்று மாலையே அங்கே இறங்கிவிடலாம். 2020 அக்டோபரில் ஒன்பது கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு இது இன்னும் சுலபமாகிவிட்டது. தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள்.

இன்னொரு விஷயத்தை வரைபடத்தில் பார்த்து மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பரத்பூர் பாரலாச்சா கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கணவாயின் உயரம் சுமார் 4,890 மீட்டர். பரத்பூரில் ஒருவருக்கு மூச்சுத் திணறினால், மணாலிப் பக்கம் இறக்குவதற்கு முதலில் அவரை இன்னும் மேலே ஏற்றிக் கணவாயைத் தாண்ட வேண்டும். எதிர்ப்பக்கம் சர்ச்சுவுக்கு ஓட்டினால் சுமார் 4,290 மீட்டர் வரைதான் இறங்க முடியும். அதற்கப்புறம் லே போகும் வழியில் மறுபடியும் உயரமான கணவாய்கள். ஆகவே பரத்பூரில் படுக்கும் முதல் இரவுக்கு முன்பே உடம்பு பழகியிருக்க வேண்டும்.

நான் பரிந்துரைக்கும் பிரிவு இது. மணாலியில் இரண்டு இரவு. பிறகு ஜிஸ்பாவில் (சுமார் 3,200) இரண்டு இரவு; இடையில் ஒரு பகல் பக்கத்து மேட்டில் நானூறு ஐந்நூறு மீட்டர் ஏறி இறங்குங்கள். அடுத்து பட்சேயோவில் (3,800) இரண்டு இரவு; 500 மீட்டர் கணக்கை இந்த ஒரு தாவல் கொஞ்சம் மீறுவதால்தான் இரண்டு இடத்திலும் இரண்டிரண்டு இரவு. பிறகு ஸிங்ஸிங்பாரில், சுமார் 4,200 மீட்டரில் ஓர் இரவு. அதன்பின் கணவாயைத் தாண்டிப் பரத்பூரில் இரண்டு அல்லது மூன்று இரவு, நடுவில் 5,200 வரை ஒரு பழக்க நடை. மேலே ஒரு முகாம், உச்சிக்கு ஒரு நாள், வானிலைக்காக இரண்டு உபரி நாள். மலையில் மட்டும் ஏறத்தாழ இரண்டு வாரம்.

போக்குவரத்தைச் சேருங்கள். திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஓடும் நாளில் ஏறினால் டெல்லி நிஜாமுதீனுக்கு இரண்டு இரவு, அங்கிருந்து மணாலிக்கு ஒரு இரவு பஸ். தூத்துக்குடியிலோ மதுரையிலோ விமானம் பிடித்தால் ஒன்றரை நாள் மிச்சம். அந்த மிச்சத்தை மலையில் செலவழியுங்கள். மொத்தம் பதினெட்டு முதல் இருபது நாள் வேண்டும். பத்து நாள்தான் லீவு என்றால் இந்த ஆண்டு ஹம்ப்டாவோடு நிறுத்திக்கொண்டு, அடுத்த ஆண்டுக்கு லீவைச் சேர்த்து வைப்பதுதான் சரி. எட்டு நாளில் உச்சி என்று விளம்பரம் செய்கிறவர்கள் உண்டு. உங்கள் உடம்புக்கு அந்த விளம்பரம் தெரியாது.

அனுமதியும் குழுவும்

சிகரம் ஏற டெல்லியிலுள்ள இந்திய மலையேற்ற அறக்கட்டளையான ஐ.எம்.எஃப்.பின் அனுமதி தேவை. குழுவோடு போனால் அதை நடத்துபவரே வாங்குவார். வாங்கிவிட்டோம் என்று வாயால் சொல்வதை ஏற்காமல், காகிதத்தைப் பார்க்கக் கேளுங்கள்.

பணம் கட்டும் முன் வேறு சில கேள்விகளும் உண்டு. பரத்பூரில் இரவும் பகலும் ஒரு வண்டி டிரைவரோடு நிற்குமா? ஆக்சிஜன் சிலிண்டர் எத்தனை, எந்த முகாமில் வைப்பீர்கள்? உச்சி நாளில் ஒரு கைடுக்கு எத்தனை பேர்? நடுவழியில் ஒருவர் திரும்பினால் அவரோடு யார் இறங்குவார்? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்தில் நான் ஒரு ரூபாய்கூடக் கட்ட மாட்டேன். நாலு பேருக்கு ஒரே கைடு இருந்து, ஒருவருக்கு முடியாமல் போனால், ஒன்று எல்லோரும் திரும்ப வேண்டும், இல்லை அந்த ஒருவர் தனியாக உட்கார வைக்கப்படுவார். இரண்டாவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்காதீர்கள்.

காப்பீட்டில் எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்று ஒரு வரி இருக்கும். அதைத் தேடிப் படியுங்கள். ஜிஸ்பாவைத் தாண்டினால் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. சாட்டிலைட் போனை அரசு அனுமதியில்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம், வெளிநாட்டு நண்பர் தருகிறார் என்று வாங்கிப் போகாதீர்கள். வீட்டில் ஒருவரிடம் முழுப் பயணத்திட்டத்தையும் எழுதிக் கொடுத்து, "இந்தத் தேதிவரை போன் வராது, இந்தத் தேதி தாண்டினா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனால் அம்மாவுக்கும் தூக்கம் வரும்.

ஆறு மாதப் பயிற்சி

பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், இ.சி.ஜி., நாற்பதைத் தாண்டியவர் என்றால் டிரெட்மில் பரிசோதனை. ரத்தசோகை இருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும். இருக்கிற ஆக்சிஜனைச் சுமப்பதே ஹீமோகுளோபின்தான்.

முதல் இரண்டு மாதம் அடித்தளம். வாரம் நாலு நாள், நாற்பத்தைந்து நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை, பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் நடையோ மெல்லோட்டமோ. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானம் போதும், தாமிரபரணிக் கரை இன்னும் நல்லது. சித்திரை வெயிலில் விடியற்காலை ஐந்து மணிக்கே ஆரம்பித்துவிடுங்கள். மெதுவாக நீண்ட நேரம் போகும் இந்தப் பயிற்சியைப் பலர் அலுப்பென்று விட்டுவிடுகிறார்கள். உச்சி நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்காமல் நடக்க உதவப் போவது இதுதான்.

அடுத்த இரண்டு மாதம் படிக்கட்டு. நாலு மாடிக் கட்டடம் தரையிலிருந்து மொட்டைமாடி வரை சுமார் 12 மீட்டர். ஐம்பது முறை ஏறினால் 600 மீட்டர். முதுகில் ஐந்து கிலோவில் தொடங்கி, வாரம் ஒரு கிலோ கூட்டிப் பத்துக் கிலோவுக்கு வாருங்கள். தண்ணீர் பாட்டில்களாகச் சுமந்தால், முட்டி வலித்தால் கொட்டிவிட்டு இறங்கலாம். ஆனால் இறங்குவதற்கும் பயிற்சி வேண்டும். தொடைத் தசை கிழிவது இறங்கும்போதுதான். ஆகவே வாரத்தில் ஒரு நாளாவது சுமையோடு மெதுவாக இறங்குங்கள். இரண்டு நாள் உட்கார்ந்தெழுதல், ஒற்றைக்கால் படியிறக்கம், கெண்டைக்கால் பயிற்சி.

கடைசி இரண்டு மாதம் மலை. இங்கேதான் நம் பக்கம் கொஞ்சம் சிக்கல். மாஞ்சோலை, காரையாறு, களக்காடு எல்லாம் 1988-இல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகின்றன. நினைத்தபடி நடக்க முடியாது, நடக்கவும் கூடாது. மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம் இருக்கும் இடம். ஆனாலும் வழி இருக்கிறது. பண்பொழி திருமலைக் கோயிலில் அறுநூறுக்கு மேற்பட்ட படிகள். ஐந்தாறு முறை ஏறி இறங்கினால் நல்ல காலைப் பயிற்சி, முருகனையும் பார்த்துவிடலாம். திருக்குறுங்குடி மலைநம்பி கோயிலுக்குப் பக்தர்களை விடும் நாளில் நடந்தே போய்வாருங்கள். வனத்துறை அனுமதிக்கும் நாட்களில் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி. பருவம் கிடைத்தால் கோவை வெள்ளியங்கிரி ஏழு மலையும், ஓர் இரவில். கேரள வனத்துறையின் அனுமதி கிடைத்தால் போனக்காடு வழியாக அகத்தியர் மலை.

நீங்கள் தயார் என்பதற்கு என் அளவுகோல்: பத்துக் கிலோ சுமையோடு ஒரே நாளில் ஆயிரம் மீட்டர் ஏறி இறங்கி, மறுநாளும் அதில் பாதியாவது செய்ய முடிய வேண்டும். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பே கடும் பயிற்சியை நிறுத்திவிடுங்கள்.

துணியும் பொருளும்

ஷூவைச் சொந்தமாக வாங்குங்கள், வாடகைக்கு வேண்டாம். கணுக்காலை மூடும் உயரம் வேண்டும், கல் சரிவில் அது இல்லாமல் முடியாது. வருடம் முழுக்கச் செருப்பில் விரிந்து பழகிய பாதம் நமக்கு. அதனால் சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், தடித்த சாக்ஸ் போட்டுக் கொண்டு கடைக்குப் போய்ப் பார்த்து, அரை அளவு பெரிதாக எடுங்கள். மூன்று மாதமாவது அதிலேயே படி ஏறியிருக்க வேண்டும்.

பருத்தி பனியனை மணாலியிலேயே விட்டுவிடுங்கள். வியர்த்தால் காயாது, நின்றதும் உடம்பை உறைய வைக்கும். கம்பளியிலோ செயற்கை இழையிலோ உள்ளாடை, மேலே ஃபிளீஸ், அதற்கு மேல் இறகு ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் வெளியே காற்றையும் மழையையும் தடுக்கும் மேலுறை. கையுறை இரண்டு அடுக்கு. இறகு ஜாக்கெட், ஸ்லீப்பிங் பேக், கிராம்பான், ஊன்றுகோல் இவற்றை மணாலியில் வாடகைக்கு எடுக்கலாம். இங்கே வாங்கி அலமாரியில் பூட்டி வைப்பதில் அர்த்தமில்லை. கண்ணாடியில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள். உயரம் ஆயிரம் மீட்டர் கூடக்கூடப் புற ஊதாக் கதிர் ஏறத்தாழப் பத்துச் சதவீதம் கூடும். பனியில் வெறுங்கண்ணோடு நடந்தால் அன்று இரவே கண் திறக்க முடியாது. தண்ணீருக்கு வாயகன்ற பாட்டில். குழாய் வைத்த பை உறைந்துவிடும்.

சாப்பாடு: ஐயாயிரத்தில் பசி செத்துவிடும், நாக்குக்குப் பழகியதுதான் இறங்கும். பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், புளிக்காய்ச்சல் கொஞ்சம் கொண்டுபோங்கள். சுக்கும் கருப்பட்டியும் தட்டி எடுத்துக்கொண்டால் டென்டுக்குள் ஒரு டம்ளர் சுடச்சுடக் கிடைக்கும். உச்சி நாளுக்குக் கோவில்பட்டி கடலைமிட்டாய். குளிரில் கல்லாகிவிடும் என்பதால் முந்தின இரவே சிறு துண்டாக உடைத்துச் சட்டைப்பையில் வையுங்கள். அல்வா நெய் நிறைந்தது, அந்த உயரத்தில் செரிக்கச் சிரமம். அதை ஜிஸ்பாவிலேயே எல்லோருக்கும் கொடுத்து முடித்துவிடுங்கள்.

மருந்தும் எச்சரிக்கையும்

அசெட்டசோலமைடு என்ற மாத்திரை உடம்பு பழகுவதை விரைவுபடுத்தும். தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை மாலை, உயரம் ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். விரல் நுனி மரமரப்பது அதன் பக்கவிளைவு. நம் பக்கத்து மருத்துவர்களிடம் உயர மலை நோயோடு வருகிறவர் யார் இருக்கிறார்? அதனால் போகும் இடம், உயரங்கள், தூங்கும் இரவுகள் எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது.

தலைவலியோடு குமட்டல், சோர்வு, கிறுகிறுப்பு சேர்ந்தால் அது உயர நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அன்று மேலே போகக் கூடாது. தெளிந்தால் மறுநாள் பார்க்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், நெஞ்சில் களகளச் சத்தம் இருந்தால் நுரையீரலில் நீர் கோக்கிறது. நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்டி நடக்கச் சொல்லும்போது தள்ளாடினால், பேச்சுக் குழறினால், மூளை வீங்குகிறது. இரண்டுமே சில மணி நேரத்தில் உயிரை எடுக்கும். விடியட்டும் என்று காத்திருக்காமல் இரவோடு இரவாக இறக்க வேண்டும். ஆக்சிஜனும் மருந்தும் இறக்கும்வரை தாங்க உதவும், இறக்குவதற்கு மாற்றாகாது. மாவட்ட மருத்துவமனை, ஜிஸ்பாவைத் தாண்டி மணாலிப் பக்கம் இறங்கும் வழியிலுள்ள கேலாங்கில் இருக்கிறது.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். குளிர்ந்த விரலில் அது தப்புத் தப்பாகக் காட்டும். ஆளைப் பாருங்கள்.

இன்னொன்று, நம்மவர்களுக்காகவே. இந்தி சரியாக வராத கூச்சத்தில் தலைவலியை மறைத்துக்கொண்டு நடக்கிறவர்கள் நம்மில் அதிகம். மூன்று வாக்கியங்களை மனப்பாடம் செய்யுங்கள். தலை வலிக்கிறது: "ஸிர் மே தர்த் ஹை." வாந்தி வருகிறது: "உல்ட்டி ஆ ரஹி ஹை." கீழே போக வேண்டும்: "நீச்சே ஜானா ஹை." அந்த மூன்றாவதைச் சொல்ல ஒருபோதும் தயங்காதீர்கள்.

உச்சி நாள்

பரத்பூரிலிருந்து உச்சிக்குச் சுமார் 1,460 மீட்டர் ஏற்றம். அந்த உயரத்தில் மணிக்கு 150 மீட்டர் ஏறினாலே நல்ல வேகம், அப்படிப் பார்த்தால் பத்து மணி நேரம் ஏறவே ஆகும். அதனால்தான் நடுவில் ஒரு மேல்முகாம் இருக்கட்டும் என்கிறேன். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குக் கிளம்புங்கள். பிற்பகலில் மேகமும் காற்றும் கூடும், அதற்குள் பெரும்பகுதி இறங்கியிருக்க வேண்டும். பேட்டரிகளையும் போனையும் உடம்போடு ஒட்டி வையுங்கள், குளிரில் சார்ஜ் இறங்கிவிடும்.

ஒரு அடி, ஒரு மூச்சு. செங்குத்தான இடத்தில் ஒரு அடிக்கு இரண்டு மூச்சு. முன்னால் போகிறவரைப் பிடிக்க நினைக்க வேண்டாம். சரளையில் இரண்டு அடி வைத்தால் ஒரு அடி வழுக்கும், அதற்கு எரிச்சல்படாதீர்கள். மேலே நடப்பவர் தட்டிவிடும் கல் கீழே வருகிறவர் மேல் விழும், எனவே ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நிற்கக் கூடாது. மணிக்கு ஒரு முறை நாலு வாய் தண்ணீர், ஒரு துண்டு கடலைமிட்டாய், ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம்.

திரும்பும் நேரத்தை முந்தின மாலையே கைடோடு பேசி முடிவு செய்யுங்கள். பகல் பதினொன்று என்று வைத்தால் பதினொன்றுதான். உச்சி நூறு மீட்டரில் தெரிந்தாலும் அந்த நேரத்தில் திரும்ப வேண்டும். மேலே போய் முடிவெடுக்கலாம் என்று விட்டுவைத்தால், ஆக்சிஜன் குறைந்த மூளை எப்போதும் "இன்னும் கொஞ்சம்" என்றுதான் சொல்லும். அதற்குத்தான் உபரி நாள் இரண்டு கேட்டு வாங்கினோம்.

உச்சியில் இருபது நிமிடம் போதும். இறங்கும்போது ஊன்றுகோலை நீட்டி, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, குதிகாலைச் சரளையில் புதைத்து வாருங்கள். சறுக்கலும் சுளுக்கும் பெரும்பாலும் இங்கேதான். பரத்பூர் வந்ததும் படுத்துவிடத் தோன்றும். பகல் வெளிச்சமும் டிரைவருக்குத் தெம்பும் இருந்தால், கணவாயைத் தாண்டி அன்றே ஜிஸ்பாவுக்கு இறங்கிவிடுங்கள். 3,200 மீட்டரில் அன்று இரவு வரும் தூக்கமே வேறு. மறுநாள் காலை வாடகைப் பொருளை எண்ணிக் கட்டுங்கள், குழுவின் குப்பை முழுக்க வண்டியில் ஏறியதா என்று நீங்களே ஒரு முறை பாருங்கள். கைடுக்கும் சமையல்காரருக்கும் டிரைவருக்கும் கொடுக்க நினைத்ததைத் தனித்தனியாக அவரவர் கையில் கொடுங்கள்.